சளி பிடித்த பூனையின் ஆயுள்

1877 கோடையில் நியூயார்க் நகரம் தெருநாய்களைக் கொல்வதற்கென்றே ஓர் இரும்புக் கூண்டு செய்து வைத்திருந்தது. ஏழடி நீளம், ஐந்தடி அகலம், நாலடி உயரம். மன்ஹாட்டனில் கிழக்கு 26-ஆம் தெரு ஆற்றோரம் போய் முடியும் இடத்தில் அது கிரேனில் தொங்கும். பிடித்துவந்த நாய்களை உள்ளே அடைத்துக் கதவைச் சாத்தி, ஈஸ்ட் ஆற்றுக்குள் இறக்குவார்கள். சில நிமிடம் கழித்துத் தூக்கிக் காலி செய்துவிட்டு, அடுத்த கூட்டத்தை அடைப்பார்கள். இப்படி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான நாய்கள் செத்தன. கோடைதோறும் வெறிநாய்க்கடிப் பயம் அந்த நகரத்தை ஆட்டிவைத்த காலம் அது. ஆனால் கூண்டுக்குள் போன நாய்க்கு வெறி பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக்காரர் வந்து காசு கட்டி மீட்கவில்லை என்றால் அதுவே போதும்.

அமெரிக்காவின் முதல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இதே நகரத்தில்தான், 1866-இல், பிறந்தது. தொடங்கியவர் ஹென்றி பெர்க். வண்டிக் குதிரையை அடிக்கிறவனை நடுத்தெருவில் மறித்துக் கேள்வி கேட்ட மனிதர். அவர் உயிரோடு இருந்தவரை நகராட்சியின் நாய்ப் பவுண்டை, அதாவது பிடித்த நாய்களை அடைக்கும் பட்டியை, நடத்தும் பொறுப்பைச் சங்கம் ஏற்கவில்லை. 1888-இல் அவர் இறந்தார். 1894-இல் சங்கம் அந்த வேலையை எடுத்துக்கொண்டு நூறு வருடம் நடத்தியது. பிலடெல்பியாவில் கரோலைன் ஏர்ல் வைட்டும் அவரோடு சேர்ந்த பெண்களும் 1870-களிலேயே பவுண்டைக் காப்பகமாக மாற்றும் முயற்சியில் இறங்கியிருந்தார்கள். பிடித்த நாய்க்குத் தீனி, தண்ணீர். முடிந்தால் ஒரு புது வீடு. முடியாவிட்டால் அடி உதை இல்லாத சாவு. நல்ல மனதோடு தொடங்கிய இந்த மூன்றில் கடைசி வேலைதான் அடுத்த நூறு வருடத்துக்கு நாடெங்கும் காப்பகங்களின் முதல் வேலையாகிப்போனது.

கொல்லும் முறைதான் மாறிக்கொண்டே வந்தது. ஆற்றுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு வாயு அறை, பிறகு காற்றை உறிஞ்சி வெளியேற்றும் இரும்பு அறை, கடைசியில் பென்டோபார்பிட்டல் ஊசி. ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரக்கமானது என்று சொல்லியே கொண்டுவரப்பட்டது. 1970-களில் ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை நாய்களும் பூனைகளும் அமெரிக்கக் காப்பகங்களில் கொல்லப்பட்டதாக அன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. துல்லியமாக எண்ணி வைக்கும் ஏற்பாடே அன்று கிடையாது.

இவ்வளவு சாவுக்கும் காரணம் கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: பிறந்தவை அதிகம், வீடுகள் குறைவு. அது உண்மை. ஆனால் பாதி உண்மை. உள்ளே வரும்போது நன்றாக இருந்த பிராணி உள்ளே வந்த பிறகு நோயாளி ஆனது. நோயாளி ஆனதால் செத்தது. இந்த மறுபாதியை அந்த நாட்டுக் கால்நடை மருத்துவம் கண்திறந்து பார்க்கத் தொடங்கி இன்னும் முப்பது வருடம்கூட ஆகவில்லை.

1980-களில் ஒரு நகராட்சிக் காப்பகத்துக்கு ஒரு பூனை வருகிறது. வீட்டுப் பூனை, வீட்டுக்காரர் ஊர் மாறுகிறார். இரண்டடிக்கு இரண்டடி எஃகுக் கூண்டு. சோற்றுத் தட்டு, மலம் கழிக்கும் தட்டு, படுக்கை எல்லாம் அதற்குள்ளேயே. ஒளிந்துகொள்ள மறைவில்லை. பூனை என்பது பயந்தால் முதலில் மறைவைத் தேடும் பிராணி. சுவருக்கு அப்பால் நாய்கள் ஓயாமல் குரைக்கின்றன. பூனைகளில் பெரும்பாலானவை குட்டிப் பருவத்திலேயே ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒன்றைச் சந்தித்துவிடுகின்றன. நோய் ஆறிவிடும், வைரஸ் போகாது. நரம்புக்குள் ஆயுள் முழுக்கத் தூங்கும். பூனை கலங்கும்போது அது விழித்துக்கொள்ளும். ஆக, பக்கத்துக் கூண்டிலிருந்து தொற்ற வேண்டும் என்றுகூட இல்லை. தன் சளியைத் தானே கொண்டுவந்திருக்கிறது. ஒரு வாரம் போனால் தும்மல். பிறகு கண்ணில் பீளை, மூக்கடைப்பு. மோப்பம் போன பூனை சாப்பிடாது. சாப்பிடாத பூனை வேகமாகச் சரியும்.

இதில் என்னை அதிகம் வருத்துவது காலை நேரத்துச் சுத்தம். அங்கே வேலை பார்த்தவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. பிராணிகள் மேல் பிரியம் வைத்து, குறைந்த சம்பளத்துக்கு வந்தவர்கள். ஒவ்வொரு நாள் காலையும் பூனையைத் தூக்கி வேறு கூண்டில் போட்டு, இருந்த கூண்டை மருந்து தெளித்துக் கழுவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டார்கள். ஒரு கூண்டைத் தொட்ட கையும் துணியும் அடுத்த கூண்டுக்குப் போயின. தன் வாசனை படிந்த துண்டுத்துணியும் தினம் பறிபோன பூனை தினமும் புது இடத்துக்கு வந்ததுபோலப் புதிதாகப் பயந்தது. நோயை ஒழிக்கச் செய்த வேலையே நோயை ஊட்டி வளர்த்தது. அந்தக் கைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருகிறவர்களுக்கே தெரியாது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மாட்டுப் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் பாடம் இருந்தது. காப்பகத்துக்கு இல்லை.

சளி பிடித்த பூனையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வைத்தியம் பார்த்தால் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். ஆனால் அந்த மூன்று வாரம் ஒரு கூண்டு அடைபட்டிருக்கும். வாசலில் இன்னும் பத்துப் பூனைகள் காத்திருக்கின்றன. தனியறை கிடையாது, மருத்துவர் கிடையாது. அன்றைய பட்டியலில் யார் பெயரை எழுதுவது என்று தவிக்கிற ஊழியருக்குத் தும்மல் ஒரு வழி காட்டியது. வீட்டில் இருந்திருந்தால் மருந்தே இல்லாமல் போயிருக்கக்கூடிய சளி, அங்கே மரண தண்டனை.

தடுப்பூசியும் அப்படித்தான். பல காப்பகங்களில் பிராணி வந்த அன்று ஊசி போடும் வழக்கமில்லை. தத்துப் போகும்போதுதான் போடுவார்கள். மூன்று நாளில் சாகப் போவதற்கு எதற்கு ஊசிச் செலவு என்பது கணக்கு. மேலுக்கு நியாயமாகத் தெரிகிற அந்தக் கணக்குத்தான் எத்தனையோ நாய்களை மூன்று நாளில் சாகவைத்தது. 1978-இல் பார்வோ வந்தபோது அது வெட்டவெளிச்சமானது. பூனைகளின் பான்லுகோபீனியா வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒன்று நாய்க்குத் தாவி, சில மாதங்களில் உலகத்தையே சுற்றிவந்தது. நாய்களின் உடம்பில் அதற்கு எதிர்ப்பே இல்லை. வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், இரண்டு மூன்று நாளில் சாவு. குட்டிக்கு டிரிப்ஸ் ஏற்றிவிட்டு விடிய விடியக் கண்விழித்த வீடுகள் நம் ஊரிலும் எத்தனையோ உண்டு. அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் வைரஸ் அது. பல கிருமிநாசினிகளுக்கு மசியாது. பிளீச் கரைசல் போன்றவை வேண்டும். காப்பகத்தில் ஒரு குட்டிக்குப் பார்வோ என்றால் அந்த வரிசையில் இருந்த அத்தனை நாய்களையும் கொன்றுவிட்டுக் கழுவித் துடைத்துத் திறப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. அதற்கு நோய்த்தடுப்பு என்று பெயர்.

மாற்றத்தின் முதல் காரணம் எளிமையானது: உள்ளே வரும் எண்ணிக்கை குறைந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி 1971-இல் குறைந்த கட்டணக் கருத்தடை நிலையம் திறந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் வீட்டுப் பிராணிக்குக் கருத்தடை செய்வது அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் இயல்பான பழக்கமாகிவிட்டது. குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துக் காப்பக வாசலில் விட்டுப்போவது குறைந்தது. இது இல்லாமல் மற்ற எதுவும் நடந்திருக்காது.

இரண்டாவது காரணம் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. 1976-இல் அங்குள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் தலைமைக்கு வந்த ரிச்சர்ட் அவன்சினோ, காற்றை உறிஞ்சிக் கொல்லும் அறையை அகற்றினார். பிறகு நகராட்சிக்காக நாய் பிடித்துக் கொல்லும் ஒப்பந்தத்தையும் சங்கம் கைவிட்டது. 1994-இல் சங்கமும் நகராட்சிக் காப்பகமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன: ஆரோக்கியமான எந்த நாயும் பூனையும் இந்த நகரத்தில் கொல்லப்படாது, நகராட்சியால் வீடு தேடித் தர முடியாததைச் சங்கம் எடுத்துக்கொள்ளும். அந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகத் தெரிவது ஆரோக்கியம் என்ற சொல். அதுவரை இருந்த கேள்வி, கூண்டு காலியாக இருக்கிறதா என்பது. இப்போது முதல் முறையாக, இந்தப் பிராணி ஆரோக்கியமானதா, நோயுற்றதென்றால் குணப்படுத்தக்கூடிய நோயா, குணமாகாததா என்று பதில் எழுதியே தீரவேண்டும். சளி குணமாகும். தோலில் வரும் படர்தாமரை குணமாகும். எழுதிவைத்துப் பார்த்தால் அதுவரை கொன்றவற்றில் பெரும்பகுதி குணமாகும் பட்டியலில் வந்து நின்றது.

1998-இல் கலிபோர்னியா மாநிலம், செனட்டர் டாம் ஹேடன் கொண்டுவந்த சட்டத்தை நிறைவேற்றியது. தத்துக் கொடுக்கக்கூடிய பிராணியையும் வைத்தியம் பார்த்துத் தேற்றக்கூடியதையும் கொல்லக்கூடாது என்பது மாநிலத்தின் கொள்கை என்று அறிவித்தது. 72 மணி நேரமாக இருந்த குறைந்தபட்சக் காத்திருப்பை நாலு முதல் ஆறு வேலை நாட்கள் என்று நீட்டியது. நல்லெண்ணத்தில் குறையே இல்லாத சட்டம். ஆனால் கட்டடம் அதே கட்டடம், கூண்டுகள் அதே கூண்டுகள். பிராணிகள் அதிக நாள் தங்கினால் கூட்டம் ஏறும். கூட்டம் ஏறினால் நோய் ஏறும். சட்டம் வாங்கிக் கொடுத்த நாட்களைச் சளி எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருந்தது. காப்பகத்துக்கென்று ஒரு தனி மருத்துவம் தேவை என்பது அந்தச் சமயத்தில்தான் உறைத்தது.

1999-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு பாடம் தொடங்கியது. 2001-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேட் ஹர்லி என்பவர் காப்பக மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தார். உலகத்திலேயே அந்தப் பயிற்சியில் சேர்ந்த முதல் ஆள். மருத்துவம் படிப்பதற்கு முன் நாய் பிடிக்கும் அலுவலராக வேலை பார்த்தவர் அவர். வண்டியில் ஏற்றிவந்த நாய்க்கு உள்ளே என்ன ஆகிறது என்று தெரிந்த ஒருவர் இந்தத் துறைக்குக் கிடைத்தது பெரிய கொடை. அதே ஆண்டில் காப்பக மருத்துவர்கள் ஒரு சங்கமானார்கள். 2010-இல் அந்தச் சங்கம் வெளியிட்ட பராமரிப்பு நெறிமுறைகள்தான் இன்றைக்கும் அடிப்படை. 2022-இல் திருத்திய பதிப்பு வந்தது.

அவர்கள் செய்தவை எல்லாம் மிகச் சாதாரணமாகத் தெரியும். வாசலிலேயே தடுப்பூசி: வண்டியிலிருந்து இறங்கியதும், கூண்டுக்குப் போகுமுன். உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி என்பதால் பார்வோவுக்கும் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் எதிராகச் சில நாட்களிலேயே காவல் தரத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளுக்கு நடுவே உள்ள தகட்டில் வட்டமாக ஓட்டை போட்டு இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஒரு பக்கம் படுக்கையும் சோறும், மறுபக்கம் மலத்தட்டு. சுத்தம் செய்ய வேண்டுமா? பூனை தானாக மறுபக்கம் போய்விடும்; அதைத் தூக்க வேண்டியதே இல்லை. தினமும் கழுவித் தள்ளுவதை நிறுத்தி, அழுக்கான இடத்தை மட்டும் துடைத்தார்கள். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்தார்கள். தரையில் எட்டுச் சதுர அடியாவது இடம் இருந்து, முதல் வாரத்தில் பூனையை அடிக்கடி இடம் மாற்றாமல் விட்டால் சளி கணிசமாகக் குறைகிறது என்று பல காப்பகங்களை ஒப்பிட்டு நிறுவினார்கள். விலையுயர்ந்த மருந்தில்லை, புதுக் கண்டுபிடிப்பில்லை. ஓர் ஓட்டையும் ஒரு பெட்டியும். எத்தனை ஆயிரம் பூனைகள் இவை இல்லாமல் செத்தன என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கூண்டுகளின் எண்ணிக்கையை இப்படிப் பாதியாகக் குறைத்தால் வரிசையில் நிற்பவை என்ன ஆகும் என்ற கேள்வி உடனே எழுந்தது. அதற்குப் பதிலும் அவர்கள் கணக்கில் இருந்தது. நாளைக்குப் பத்துப் பிராணிகள் வருகின்றன; ஒவ்வொன்றும் இருபது நாள் தங்குகிறது என்றால் எந்த நேரமும் உள்ளே 200 இருக்கும். பத்து நாளில் அனுப்பிவிட்டால் 100 போதும். காப்பாற்றும் உயிர்கள் அதே எண்ணிக்கை. கூட்டம் மட்டும் பாதி. கூட்டம் பாதியானால் நோய் குறையும். நோய் குறைந்தால் சீக்கிரம் தத்துப் போகும். தங்கும் நாள் இன்னும் குறையும். ஆகவே ஒரு பிராணி உள்ளே வந்த அன்றே கேட்க வேண்டியது: இது வெளியே போவதற்கு எது தடையாக இருக்கிறது? ஒரு கையெழுத்தா, ஒரு அறுவை சிகிச்சையா, ஒரு புகைப்படமா? அந்தத் தடை அன்றே நீங்க வேண்டும். ஆரோக்கியமாக வரும் தெருப்பூனையை உள்ளேயே சேர்க்காமல், கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்பதும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். 2008-இல் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம் அதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. 2014-இல் ஹர்லியும் புளோரிடா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர் ஜூலி லெவியும் பத்து லட்சம் பூனைகளைக் காப்பாற்றுவது என்று நூற்றுக்கணக்கான காப்பகங்களைச் சேர்த்தார்கள். 2018-இல் அந்த எண்ணைத் தொட்டுவிட்டார்கள்.

டெக்சஸின் ஆஸ்டின் நகரத்தில் எலன் ஜெபர்சன் என்ற கால்நடை மருத்துவரின் தலைமையில் ஒரு தொண்டு அமைப்பு, கொல்லப்படவிருந்த பார்வோ குட்டிகளை வாங்கிவந்து தனி அறையில் வைத்துத் தன்னார்வலர்களைக் கொண்டே டிரிப்ஸ் ஏற்றிப் பார்த்தது. பத்தில் எட்டுக்கு மேல் பிழைத்தன. அதுவரை ஒரு நோயின் பெயரே தீர்ப்பாக இருந்ததை அந்தக் குட்டிகள் மாற்றின. படர்தாமரை வந்த பூனைக்கு அழுகின முட்டை நாற்றமடிக்கும் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலில் குளியல், தென்மாநில நாய்களின் இதயப்புழுவுக்கு மாதக்கணக்கில் மருந்து என்று மற்ற தண்டனைகளும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

இந்த மாற்றத்தின் உச்சமாக நான் நினைப்பது 2016 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்தது. மன்ஹாட்டன் காப்பகத்தில் பூனைகளுக்குச் சளி. வழக்கமான சளிபோல இல்லை. மாதிரி அனுப்பிப் பார்த்ததில் எச்7என்2, பறவைக் காய்ச்சல் வகை. பூனைகளுக்கு நடுவே இப்படிப் பரவி யாரும் கண்டதில்லை. சிகிச்சை பார்த்த ஒரு கால்நடை மருத்துவருக்கும் லேசாகத் தொற்றியது. பூனையிடமிருந்து மனிதருக்கு அந்த வைரஸ் தாவிய முதல் சம்பவம் அது. பழைய காலமாக இருந்திருந்தால் விவாதமே நடந்திருக்காது. மனிதருக்கும் தொற்றும் என்ற ஒரு வரி போதும், அன்று இரவே எல்லாம் முடிந்திருக்கும். நடந்தது வேறு. ஈஸ்ட் ஆற்றுக்கு அக்கரையில், லாங் ஐலண்ட் சிட்டியில், ஒரு கிடங்கை அவசர அவசரமாகத் தனிமை முகாமாக்கி, ஐந்நூறுக்கு நெருக்கமான பூனைகளை அங்கே கொண்டுபோனார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் காப்பக மருத்துவர்கள் பரிசோதனையைக் கவனித்தார்கள். பாதுகாப்பு உடையும் முகக்கவசமும் அணிந்த ஆட்கள் நாள் தவறாமல் தீனி வைத்து, தட்டு மாற்றி, விளையாட்டும் காட்டினார்கள். பெரும்பாலானவை லேசான சளியோடு தேறின. 2017 வசந்தத்தில் தொற்று இல்லை என்று உறுதியானதும் தத்துக்குப் போயின. தெருவில் கிடந்த பூனைகளுக்காக ஒரு மாநகரம் மூன்று மாதம் உழைத்தது என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

2024-இல் அமெரிக்கக் காப்பகங்களுக்குள் சுமார் 58 லட்சம் நாய்களும் பூனைகளும் வந்தன. அங்கே கொல்லப்பட்டவை சுமார் ஆறு லட்சம். ஒரு கோடியே இருபது லட்சத்தோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறு லட்சத்துக்குள் ஒரு மாற்றம் இருக்கிறது. முன்பு பல வருடங்கள் பூனைகளே அதிகம் செத்தன. இப்போது நாய்கள் முந்திவிட்டன. 2021-க்குப் பிறகு காப்பகத்தில் நாய்கள் தங்கும் நாட்கள் நீண்டுகொண்டே போகின்றன. வாடகை வீடுகளில் பெரிய நாய்க்கு அனுமதியில்லை. கால்நடை மருத்துவர்களுக்குப் பற்றாக்குறை. பெருந்தொற்றின் முதல் மாதங்களில் நின்றுபோன கருத்தடைகளின் பாக்கி வேறு. கூட்டம் திரும்பி வந்தபோது பழைய நோய்களும் திரும்பின. 2015-இல் சிகாகோவில் தலைகாட்டிய எச்3என்2 நாய்க்காய்ச்சலும் டிஸ்டெம்பரும் அவ்வப்போது காப்பகங்களை வாரக்கணக்கில் மூடவைக்கின்றன.

அதைவிடக் கொடியது சோதனைக்கூடத்தில் தெரியாத நோய். துறுதுறுவென்று வந்த நாய் மூன்று நாலு வாரத்தில் கூண்டுக்குள்ளேயே வட்டமடிக்கத் தொடங்குகிறது. கம்பியைக் கடிக்கிறது. ஆள் வந்தால் எகிறிக் குரைக்கிறது. தத்தெடுக்க வந்த குடும்பம் பயந்து அடுத்த கூண்டுக்கு நகர்கிறது. கடைசியில் அதன் அட்டையில் நடத்தைக் கோளாறு என்று எழுதப்படுகிறது. கூண்டு கொடுத்த சளிக்காகப் பூனை செத்ததற்கும் கூண்டு கொடுத்த கலக்கத்துக்காக நாய் சாவதற்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. காப்பக நாய்களை ஒன்றிரண்டு இரவு யாராவது வீட்டில் தூங்கவிட்டு, அவற்றின் சிறுநீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. வீட்டில் கழித்த இரவுகளில் அளவு இறங்கியது. கூண்டுக்குத் திரும்பியதும் பழையபடி ஏறிவிட்டது. நோய் நாய்க்குள் இல்லை, இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எதையும் கொல்லமாட்டோம் என்ற உறுதியும் தனியாக நின்றால் போதவில்லை. உள்ளே வந்தவற்றில் 90 சதவீதத்தைக் காப்பாற்றினால் கொலையற்ற காப்பகம் என்று அங்கே ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த எண்ணைக் காக்க வயதானதையும் நோயுற்றதையும் வாசலிலேயே திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. ஒரே நாயைக் கூண்டுக்குள் வருடக்கணக்கில் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. தீராத வலியில் துடிக்கும் பிராணிக்கு ஊசி போடுவது கருணைதான். அதை நான் மறுக்கவில்லை. நான்கு கம்பிகளுக்கு நடுவே நான்கு வருடம் கிடப்பதை உயிர் காத்தல் என்று எண்ண என்னால் முடியவில்லை.

இந்த வரலாறு இப்போது நமக்கும் தேவைப்படுகிறது. சென்னை மாநகராட்சி 1996 வரை தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1960-களிலிருந்தே கருத்தடையை முன்வைத்து வந்தது. 1996-இல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001-இல் மத்திய அரசின் விதிகள் அதையே நாடு முழுவதற்கும் ஆக்கின: பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. அமெரிக்காவில் நடந்ததுபோல லட்சக்கணக்கில் கூண்டில் அடைத்துவைக்கும் காப்பகம் நம்மிடம் உருவாகாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

2025 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் ஊசிக்கும் பிறகு பழைய இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7-இல், பள்ளிகள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து, ரயில் நிலையங்கள் இவற்றுக்குள் இருக்கும் நாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது; வெறிநோய்க்குப் பலியானவர் வீட்டில் போய் நின்று நாய்க்காகப் பேச யாராலும் முடியாது. எனக்குள்ள கவலை, பிடித்துக்கொண்டுபோய் வைக்கப்போகும் இடத்தைப் பற்றி.

நம் தெருநாய்க்குக் கருத்தடையின்போது பொதுவாகப் போடுவது வெறிநோய் ஊசி மட்டும். பார்வோவுக்கும் டிஸ்டெம்பருக்கும் எதிராக அவற்றில் பெரும்பாலானவை ஊசியே கண்டதில்லை. தெருவில் அவை பரவலாக விலகி வாழ்கின்றன. ஒரு குட்டி செத்தால் அந்தத் தெருவோடு போகும். நூறு நாய்களை ஒரே தகரக் கொட்டகைக்குள் அடைத்தால் ஒரு டிஸ்டெம்பர் நாய் போதும். வெறிநோய் உடம்பில் ஏறி இன்னும் வெளித்தெரியாத ஒரு நாய் அந்தக் கூட்டத்துக்குள் இருந்தால், கடிபடுவது மற்ற நாய்கள் மட்டுமல்ல, சோறு வைக்கப் போகும் ஊழியரும்தான். அவருக்கு முன்கூட்டியே போடவேண்டிய வெறிநோய்த் தடுப்பூசி எந்தச் செலவுக் கணக்கில் வருகிறது?

உள்ளாட்சிகள் இதற்காகக் கொட்டகை கட்டவும் ஒப்பந்தப்புள்ளி கோரவும் வேண்டியிருக்கும். அந்த வரைபடத்தில் நோயுற்றதைப் பிரித்துவைக்கத் தனிக் கதவும் தனிக் கழிவுநீர்ப் பாதையும் உள்ள ஓர் அறை இருக்க வேண்டும். வாசலில் குளிர்பதனப் பெட்டியும் அதற்குள் முக்கிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும், ஊசி போட ஓர் ஆளும் இருக்க வேண்டும். ஒரு நாய்க்கு எத்தனை சதுர அடி என்பது ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதப்பட வேண்டும். தினம் எத்தனை வரும் என்பதோடு, எத்தனை, எந்த வழியாக, எத்தனை நாளில் வெளியே போகும் என்பதும் அதே பக்கத்தில் வரவேண்டும்.